விருந்துக்கு வந்த தேவைமானி

எங்கள் ஊரை நாசமாக்கியது புயலோ பஞ்சமோ இல்லை. மரியாதை. சொன்னால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். நாங்களே முதலில் அதற்கு மாலை போட்டு, மேளம் அடித்துக் கொண்டாடியவர்கள்தான்.

என் பெயர் நிவேதிகா. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது கிழவிப் பெயர். வெள்ளகோவிலுக்குத் தெற்கே குமாரவலசில் தறிக் குடோன் வைத்திருக்கிறேன். ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தறிதான் சோறு. மின்சாரம் வந்தால் தறி ஓடும், தறி ஓடினால் அடுப்பு எரியும். அந்தத் தடதடப்பிலேயே பிறந்து வளர்ந்ததால் நாங்கள் ரகசியத்தைக்கூட உரக்கத்தான் பேசுவோம். என் வீட்டுக்காரர் மௌலீசுவரன் சின்ன வயதிலிருந்து பாவு நூலுக்கும் ஊடை நூலுக்கும் நடுவிலேயே நின்றவர். பஞ்சுத் தூசி அவர் நெஞ்சில் படிந்துவிட்டது. பிராணவாயு மிசின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் அறை குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிசின் இருந்தும் கரையில் போட்ட மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுவார். இப்போதைய வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேவைமானியை ஊருக்குக் கொண்டுவந்தவன் என் தம்பி தர்ஷன். உலக மின் மன்றத்தில் எங்கள் மாவட்டத்து அதிகாரி. மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஊரே கூடியிருக்க, அவன் எழுந்து நின்று பேசிய அழகைப் பார்த்து எனக்கு அன்றைக்குக் கண் கலங்கியது. அம்மா போன பிறகு அவனுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். பெருமை இருக்காதா?

"இந்தப் பூமி எவ்வளவு சூடு தாங்குமோ அவ்வளவுக்குத்தான் இனிமே கரண்டு எடுக்கோணும்னு எல்லா நாடும் சேர்ந்து முடிவு பண்ணிட்டாங்க" என்றான். "உலகத்துக்கே ஒரே பானைன்னு வச்சுக்கங்க. அதுக்கு மேல ஒரு பிடி அரிசி போட முடியாது. அதுலருந்துதான் எல்லாத்துக்கும் பங்கு."

"பங்கு யாருங் தம்பி பிரிக்கறது?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"அங்கதானுங் சண்டையே. முன்னாடி, நேத்து யாரு எவ்வளவு செலவு பண்ணுனாங்கன்னு பாத்து நாளைக்குக் குடுத்தாங்க. நெறையத் தின்னவனுக்கே நெறையச் சோறு. நம்மள மாதிரி நாடுகதான் அதை எதிர்த்துச்சு. இல்லாதவன் கம்மியாச் செலவு பண்றான்னா அவனுக்குத் தேவையே கம்மின்னு ஆயிருமா? அவனையே கேளுங்கடான்னோம். ஒத்துக்கிட்டாங்க. இனி ஒவ்வொரு ஊருக்கும் எவ்வளவு வேணும்னு சனங்க வாயாலயே கேட்டுத்தான் பங்கு. ஒருக்கா முடிவாச்சுன்னா ஒரு தலைமுறைக்கு அதுதான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு ஒரு பெட்டியைத் திறந்து தேவைமானியைக் காட்டினான். செம்பு அளவில் வெள்ளையாக, உச்சியில் ஒரு பச்சை விளக்கோடு இருந்தது. வீட்டுக்கு ஒன்று. மழைக்காலத்தில் வந்து மறு மழைக்காலம் வரை தங்கும். வீட்டிலிருப்பவர்களோடு பேசும், கேள்வி கேட்கும், அறையின் சூடு குளிர் பார்க்கும். யாராவது பொய் சொன்னால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடும் என்றான். பிறகு அந்த வீட்டுக்கு எவ்வளவு மின்சாரம் இருந்தால் நிறைவு என்று மன்றத்துக்குச் சொல்லிவிடும்.

"இதை எப்படிங் வச்சுக்கறது? தண்ணி கிண்ணி பட்டாக் கெட்டுருமா?" என்று நான்தான் கேட்டேன்.

தர்ஷன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஒண்ணும் சிரமமில்லீங்க்கா. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி வச்சுக்கங்க. அது போதும்."

இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்து விருந்தோம்பலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வந்தவர் பசியோடு வந்திருந்தாலும் "இப்பத்தானுங் சாப்பிட்டு வந்தேன்" என்றுதான் சொல்வார். அதை நம்புகிறவன் மனுசனே இல்லை. இலையைப் போட்டு உட்கார வைப்போம். போதும் போதும் என்று அவர் இலைமேல் கையை வைத்து மறைப்பார், நாம் விரல் இடுக்கில் குழம்பை ஊற்றுவோம். மூன்று தடவை மறுத்தால்தான் அது மறுப்பு. வீட்டுக்காரர் பக்கமும் இப்படித்தான். விருந்தாளி முன்னால் குறை பேசக் கூடாது. கடன்காரன் வாசலில் நின்றாலும் விருந்தாளியிடம் "நல்லா இருக்கறமுங்க" என்போம். அதில் பொய் ஒன்றும் இல்லை. வந்தவர் மனம் சங்கடப்படக் கூடாது, அவ்வளவுதான்.

தேவைமானியை அப்படித்தான் வைத்துக்கொண்டோம். ஏசி இருப்பது என் வீட்டுக்காரர் அறையில் மட்டும்தான். விருந்தாளிக்கு வேர்க்கலாமா? அங்கேயே ஒரு முக்காலி போட்டு, மேலே வெள்ளைத் துண்டு விரித்து உட்கார வைத்தோம். பக்கத்து வீட்டில் ஏசி இல்லாததால் தெரிந்தவரிடம் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினார்கள். தேவைமானியின் காதில் விழக் கூடாதென்று மின்வெட்டைத் திட்டுவதற்கு மாட்டுக் கொட்டகைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் இருமல் வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். "வந்தவங்க முன்னால லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?" என்பார்.

தேவைமானி நல்ல தமிழில், தாழ்ந்த குரலில் பேசும். "வெயில் காலத்தில் மூச்சு விடச் சிரமமாக இருக்கிறதா, ஐயா?" என்று ஒருநாள் கேட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங். வயசாச்சுன்னா எல்லாத்துக்கும் இருக்கறதுதான். உங்களுக்கு இங்க சௌரியமா இருக்குதுங்களா?" என்று இவர் அதையே திருப்பி விசாரித்தார்.

இன்னொரு நாள் என்னிடம் வந்தது கேள்வி. "மின்சாரம் கூடுதலாகக் கிடைத்தால் எதற்குப் பயன்படுத்துவீர்கள், அம்மா?"

அந்த நேரத்தில் மின்சாரம் போதாமல் என் குடோனில் பாதித் தறி நின்றிருந்தது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு, "இருக்கறதே தாராளமுங்க. சாமி புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கே ஒரு நிறைவாக இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் முடிவு வந்தது. மாவட்டத்திலேயே நிறைவான ஊர் குமாரவலசு. கேடயம் ஒன்று தந்தார்கள். ஊர்த் தலைவருக்கு மாலை, ஊருக்குப் பிரியாணி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஆட்டம் பாட்டம் எல்லாம் நடந்தது. மேடையில் தர்ஷன் உட்கார்ந்திருந்தான். அவன் பிரியாணியைத் தொடவில்லை. வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்து மோர் கொடுத்து அனுப்பினேன்.

மறு மாதம் புதுப் பங்கு அமலுக்கு வந்தது. காலையில் வரும் மின்சாரம் மத்தியானம் நின்றது. மறுநாள் வந்துவிடும் என்று பார்த்தோம். மறுநாளும் மத்தியானத்தோடு போயிற்று. விசாரித்தால், இதுதான் உங்கள் நிறைவு அளவு, நீங்கள் சொன்னதுதான் என்றார்கள். நாங்கள் வேண்டாம் என்று சொன்ன மின்சாரம், வேண்டும் என்று சொன்ன ஊர்களுக்குப் போய்விட்டதாம். வடக்கே எங்கோ ஒரு குளிர்தேசத்து நகரம். அங்கே ஒரு குடும்பம், நாய்க்குட்டி படுக்கிற மூலை வெதுவெதுப்பாக இல்லை என்று குறை சொல்லியிருந்ததாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாய்க்குட்டிக்குக் குளிரத்தான் செய்திருக்கும்.

அரைநாள் மின்சாரத்தில் ஒன்று தறி ஓட்டலாம், இல்லாவிட்டால் மிசினுக்கான பேட்டரியை ஏற்றி அறையைக் குளிர வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சேர்த்துக் காணாது. நான் தறியை நிறுத்தினேன். வீட்டுக்காரர் விடவில்லை. "எனக்கு எதுக்கு மிசினு? நல்லாத்தான் இருக்கறேன். நீ தறியைப் போடு" என்று சுவிட்சை அணைத்துவிட்டுப் படுப்பார். உதடு நீலமாக இருக்கும். நான் திட்டிக்கொண்டே மறுபடி போடுவேன். ஊரில் ஒவ்வொரு குடோனாக அடங்கியது. சத்தமே இல்லாத தெருவில் நாங்கள் பழக்கத்தில் கத்திக் கத்திப் பேசிக்கொண்டு திரிந்தோம். பிறகு அதுவும் குறைந்துபோயிற்று.

வெயில் உச்சத்துக்கு ஏறிய சமயத்தில்தான் என் நாத்தனார் யாழினி அண்ணனைப் பார்க்க வந்தாள். மூலனூர்ப் பக்கம் வாக்கப்பட்டவள். எங்கள் வழக்கப்படி என்னை நங்கை என்பாள். வந்தவள் அறையில் அனலடிப்பதைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"ஏனுங் நங்கை, உங்க ஊருக்கு மட்டும் ஏன் இப்படி? எங்களுக்கு ராப்பகலா வருது. ஊருக்கே ஒரு குளுகுளு மண்டபம் கட்டிட்டாங்க, கொழந்தைங்க எல்லாம் அங்கதான் தூங்குதுங்க."

"நீங்க என்னத்தச் சொன்னீங்க அந்தச் செம்புகிட்ட?"

"என்னத்தச் சொல்றது? எல்லாத்தையும்தான். உங்க தம்பிதானே வந்து சொன்னாரு. கோயில்ல சாமிகிட்ட வேண்டற மாதிரி நெனச்சுக்கங்க, ஒண்ணு விடாமக் கேளுங்கன்னாரு. நாங்க தேங்காயே ஒடச்சோம். எங்க மாமியா, எறந்துபோன மாடு வரைக்கும் சொல்லி அழுதாங்கன்னா பாத்துக்கங்களே."

நான் அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தர்ஷனா? தர்ஷனா அப்படிச் சொன்னான்?"

"ஆமாங். ஏன், உங்களுக்குச் சொல்லலீங்களா?"

சொன்னான். எங்களுக்கு வேறு மாதிரி சொன்னான்.

அந்த நிமிசம் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை. வெட்கம். மண்டபத்தில் அவனைப் பார்த்துக் கண் கலங்கி நின்ற என்னை நானே பார்த்த மாதிரி இருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தானே, அந்தச் சிரிப்பை ஒன்றரை வருசமாகப் பெருமையோடு மனசில் வைத்திருந்தேன். இப்போது அதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. யாழினி பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். கேள்வி கேட்க ஏற்பாடு செய்த அதிகாரியே மன்றத்துக்குப் போய், கேட்ட முறை தப்பு என்று சொன்னால் திரும்பக் கேட்பார்களாம் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

தர்ஷனைப் போனில் கூப்பிட்டேன். "ஊட்டுக்கு வந்துட்டுப் போ கண்ணு" என்றேன், வேறொன்றும் சொல்லவில்லை.

அவன் வருகிற அன்று காலையிலேயே அரிசியும் பருப்பும் சாதம் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று கேட்காதீர்கள். அவனுக்குப் பிடித்தது அதுதான். சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, பூண்டு தட்டிப் போட்டு, மேலே ஊற்ற நெய்யும் உருக்கி வைத்தேன். அவன் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. இப்போது மாநிலத்துக்கே அவன்தான் தலைமை அதிகாரி. காரிலிருந்து இறங்கியபோது சட்டையில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. கூடத்தில் வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மின்விசிறி நின்றது. நிமிர்ந்து அதைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்க்கவில்லை.

"மூலனூர்க்காரங்களுக்குச் சாமி, எங்களுக்கு விருந்தாளி. அப்படித்தானே?" என்றேன்.

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன்.

"அக்கா, குளிர்தேசத்துக்குப் போனது போக நம்ம மாவட்டத்துக்கு மொத்தம் இவ்வளவுதான்னு மேல இருந்து முன்னாடியே வந்துருச்சுங்க. சனங்களைக் கேட்டு முடிவு பண்றதுன்னு பேருதான். எல்லா ஊரும் கேட்டா அந்தக் கணக்குக்குள்ள அடங்காது. ஏதோ ஒரு ஊரு கம்மியாக் கேட்டே ஆகோணும்."

"அந்தச் செம்பு என்ன, மண்ணாங்கட்டியா? பொய் சொன்னாக் கண்டுபிடிக்கும்னியே?"

"அதிகமாக் கேக்கறவங்களைப் பிடிக்கத்தான் அதைப் பண்ணியிருக்காங்க. கம்மியாக் கேக்கறவங்களை யாருக்கா சந்தேகப்படுவாங்க? அதுவுமில்லாம நீங்க யாரும் பொய் சொல்லலையே. கொரல்ல ஒரு நடுக்கமில்ல. போதும்னு மனசாரச் சொன்னீங்க."

"அது உனக்குத் தெரியும்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுதான் சொன்ன."

தலையைக் குனிந்துகொண்டான். கழுத்தில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. "எந்த ஊரு சண்டை போடாதுன்னு என்னையக் கேட்டாங்கக்கா. அடுத்தவங்க ஊரைக் காட்டிக் குடுத்தா அது துரோகமுங்க. அதனால நம்ம ஊரைச் சொன்னேன். நம்ம ஊருன்னா என்னைய மன்னிச்சுரும்னு நெனச்சேன். என்ர ஊட்டுச் சோத்தை எடுத்துத்தான அடுத்தவங்களுக்குப் போட்டேன்?"

"அது உன்ர சோறா?" என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். "உன்ர அறையில இன்னைக்கும் ஏசி ஓடுதுடா. நீ எடுத்துப் போட்டது உங்க மாமனோட மூச்சு. என்னைய ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தாச் சரின்னு சொல்லியிருப்பீங்க."

"ஆமா, சொல்லித்தான் இருப்பேன். அதுக்காகவாவது கேட்டிருக்கோணுமில்ல?"

உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. தம்பி வந்திருக்கிறான் என்று வாயில் துணியை வைத்து அடக்கி இருமினார். அது எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்தது.

நான் குரலைத் தாழ்த்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மனிதனிடம் எனக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்டேன். "மன்றத்துக்குப் போயி, கேட்ட முறை தப்புன்னு சொல்லு. ஒரு தடவை சொல்லு. திரும்பக் கேக்கட்டும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "சொன்னா யாழினி ஊர்லருந்து எடுத்துத்தான் உங்களுக்குக் குடுப்பாங்க. அங்க அந்த மண்டபத்தை நம்பிக் கொழந்தைங்க இருக்குது."

"சரி. அது மட்டும்தான் காரணமா?"

"என்ர வேலையும் போயிருமுங்க."

குழந்தைகளை முன்னால் சொல்லிவிட்டு வேலையைப் பின்னால் சொன்னான். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டான்.

"அது மட்டும் கேக்காதீங்கக்கா" என்றான். கை கூப்பினான்.

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? இவனை நான் அடித்து வளர்க்கவில்லை, இன்று அடிக்கவும் வரவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனேன். பானையைத் திறந்தேன். நெய்யும் பூண்டும் கூடம் வரைக்கும் மணத்தன. அவன் மூக்கு அதைப் பிடித்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். சென்னையிலிருந்து கிளம்பி வந்தவன், வழியில் எங்கும் நிறுத்தியிருக்க மாட்டான். அக்கா வீட்டுக்கு வரும்போது வெளியே சாப்பிட்டு வருகிற வழக்கமே அவனுக்குக் கிடையாது.

தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றேன். "சோறு போடட்டுமா?"

"வேண்டாங்கக்கா. இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்."

"சரி" என்றேன்.

தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்தேன். பானையை மூடினேன். மூடி விழுந்த சத்தம் கூடத்தில் நன்றாகக் கேட்டது.

அவன் உட்கார்ந்தே இருந்தான். நான் மறுபடி கேட்பேன் என்று காத்திருந்தான். கையை இழுத்து உட்கார வைப்பேன், திட்டிக்கொண்டே பரிமாறுவேன், அப்படியே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருப்பான். நான் முந்தானையால் விசிறிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவனுக்குப் புரிந்தது. முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. எழுந்து செருப்பை மாட்டினான். வாசற்படியில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தான். நான் கூப்பிடவில்லை.

கார் போன பிறகுதான் அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். அனலில் கண்ணை மூடிப் படுத்திருந்தார், மூக்கில் குழாய்.

"மாப்பிள்ளை சாப்பிட்டாரா?" என்று கேட்டார்.

"வேண்டாம்னுட்டானுங்க."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "நீ மறுபடி கேக்கலையா?"

"கேக்கலை."

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். "பேட்டரி எறங்கிரும். நாளைக்குத் தறி ஓட்டோணும். மிசினை நிறுத்திரு. எனக்குப் போதும்" என்றார்.

"போதாதுங்க" என்று சொல்லிவிட்டு, குழாயைச் சரிசெய்து, பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன்.